பேருந்து நிலையத்து மண்

அதை எடுக்காதீர்கள், தம்பி. பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறதே, அது சீட்டுத் துடைக்கிற துணி இல்லை. இந்தாருங்கள், என் துண்டு. நன்றாக அழுத்தியே துடையுங்கள். எத்தனையோ தடவை போலீஸ் அடித்த தண்ணீரைக் குடித்த துண்டு, இந்தக் கோடை மழைக்கெல்லாம் அசராது. ஷட்டரை இறக்கினாலும் ஒழுகத்தான் செய்யும். இப்படி என் பக்கம் தள்ளி உட்காருங்கள். விழுப்புரம்தானே? நானும் விழுப்புரம் போய், அங்கேயிருந்து விருத்தாசலம்.

என் பெயர் சுடரொளி. 'மறியல் சுடரொளி' என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாதா? உங்களுக்கு என்ன வயசு? நாற்பதா? அப்படியென்றால் தெரிய நியாயமில்லை. போன தலைமுறைச் சின்னப் பிள்ளைகளைச் சொன்னேன்.

பதினேழு முறை சிறை. பள்ளிக்கூடம் ஏழாவதோடு சரி. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைதான். ஒரு பக்கத் துண்டறிக்கை, நான்கு பக்கத் துண்டறிக்கை, பதினாறு பக்கச் சிறு வெளியீடு. உலக வரலாறே எனக்குப் பதினாறு பக்கம். அதற்கு மேல் எழுதுகிறவனுக்கு விஷயம் தெரியாது என்று அர்த்தம்.

செஞ்சிக்கு மேற்கே பாறைக் காட்டுக்குள் 'மண்மடி' என்று ஒரு இடம் இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அங்கேயிருந்துதான் வருகிறேன். பூமியைக் கும்பிடுகிற கூட்டம். சாமி கிடையாது, கோயில் கிடையாது, பூசாரி கிடையாது என்று முதலில் சொன்னார்கள். அடடா, நம்ம ஆட்கள் போலிருக்கிறதே என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் பாறைக்குக் காலை வணக்கம் சொல்கிறார்கள். அமாவாசைக்கு ஒரு பாட்டு, பௌர்ணமிக்கு ஒரு ஆட்டம், முதல் மழைக்கு ஒரு கூட்டுக் குளியல். நாம் அரை நூற்றாண்டு தொண்டை கிழியக் கத்தி முன்வாசல் வழியாகத் துரத்தியதை, இவர்கள் கொல்லைப்புறம் வழியாகக் கூட்டி வந்து, பாயைப் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

அங்கே என் மகள் இருக்கிறாள். அதுதான் விஷயம்.

மகள் பெயர் போர்முரசு. அவள் பிறந்த அன்றைக்கு நான் வேலூர் சிறையில். வார்டர் வந்து சேதி சொன்னார். அங்கேயிருந்தே பெயரை எழுதி அனுப்பினேன். பையன் என்று நினைத்து எழுதினேன் என்பார்கள் சிலர், பொய். போர்முரசுக்கு ஆண் என்ன, பெண் என்ன? இப்போது அவள் பெயர் மிருது. மண்மடிக்குப் போனதும் மாற்றிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர், இப்போது அவர் பெயர் ஓடை, அங்கே மண்ணால் கழிப்பறை கட்டிக்கொண்டிருக்கிறார். பெல்ஜியத்திலிருந்து வந்த லூக் என்கிறவருக்குப் பாறை என்று பெயர். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் அம்மாள் ஒருவர், அவர் அருவி. அந்த அருவிக்கு முழங்கால் வலி, நான்கு படி ஏறினால் இரண்டு இடத்தில் நிற்கிறார்.

பெரியவர்கள் எதற்காகப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், சொல்லுங்கள். என்ன கேட்கிறீர்கள்? சுடரொளி எனக்கு வீட்டில் வைத்த பெயரா என்றா? இல்லை, வீட்டில் வைத்தது அங்கமுத்து. பதினெட்டு வயதில், மேடையில், ஆயிரம் பேர் முன்னால் மாற்றினார்கள். அது கொள்கை, தம்பி. அதையும் இதையும் சேர்க்காதீர்கள்.

ஒன்பது வருஷமாக மகளுக்கும் எனக்கும் பேச்சில்லை. அவள் அம்மா இறந்தபோது வந்தாள், போனாள், அவ்வளவுதான். போன மாதம் திடீரென்று போன் செய்தாள்.

"அப்பா, தும்பைக்குப் பன்னெண்டு முடியுது."

தும்பை என் பேத்தி. ஒரே பேத்தி.

"இங்க பன்னெண்டு முடிஞ்ச பிள்ளைங்களுக்கு ஒரு நாள் உண்டு. பெரியவங்க எல்லாரும் அவங்கவங்க பிறந்த ஊர் மண்ணு ஒரு கைப்பிடி கொண்டாருவாங்க. தாத்தாவும் வரணும்னு தும்பை கேக்குறா."

"மண்ணை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"அதுல ஒரு செடி வைப்பா. அதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு கல்லைக் குடுப்போம். கல்லு யார் கையில இருக்கோ அவங்கதான் பேசலாம். வேற யாரும் குறுக்க பேச மாட்டாங்க."

யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். ஐம்பத்திரண்டு வருஷப் பொதுவாழ்க்கையில் எனக்கு இப்படி ஒரு மேடை கிடைத்ததே இல்லை.

"என்ன தலைப்பு?" என்று கேட்டேன்.

சொன்னாள். "தலைப்பு இல்லப்பா. அந்தப் பிள்ளைக்கோ, பெத்தவங்களுக்கோ நீங்க செஞ்ச ஒரு தப்பு. ஒண்ணே ஒண்ணு. அதைச் சொல்லிட்டு மன்னிப்புக் கேக்கணும். எல்லாப் பெரியவங்களும் கேப்பாங்க. நானும் கேப்பேன். பெரியவங்களும் தப்பு செய்வாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் பிள்ளை பெரியவளாகணும்."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"உங்களுக்குத் தெரியும்."

அப்புறம் ஒன்று சொன்னாள் பாருங்கள், அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. "நீங்க அதைச் சொல்லிட்டா, மே மாசம் பூரா தும்பை உங்க வீட்டுல வந்து இருக்கட்டும். அவளுக்கும் ஆசை." போனை வைக்கப் போனவள், திரும்பவும், "இன்னொண்ணுப்பா. போன வாரம் அவ வயசுக்கு வந்துட்டா. இந்த நாளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆம்பளப் பிள்ளைங்களுக்கும் இதேதான் செய்றோம். அதை அங்க யார்கிட்டயும் பேசாதீங்க. கூச்சப்படுவா" என்றாள்.

சரி என்றேன். சரி என்று சொன்னது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

மறுநாளே மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். நானேதான், இந்தக் கையால்தான். இயக்க இதழ்க் கட்டுகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு ஒரு திரை போட்டேன். மீன் படம் போட்ட திரை. கடைக்காரன், "ஐயா, உங்களுக்கா?" என்றான். ஏன், நான் மீன் படம் பார்க்கக் கூடாதா?

என்ன தப்பு என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் இயக்கத்தில் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதில் முதல் கைது. அதற்கு ஒரு முறை உண்டு. மேடையில் ஏற்றி, தோளில் துண்டு போர்த்தி, பெயரை வாசித்து, முழக்கத்தைச் சொல்லிக் கொடுத்து, முன்வரிசையில் நிறுத்துவோம். மூத்த தோழர்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுப்பார்கள். பிள்ளை அன்றிலிருந்து இயக்கத்துப் பிள்ளை. சடங்கெல்லாம் இல்லை, தம்பி. பயிற்சி.

போர்முரசுக்குப் பன்னிரண்டு முடிந்த மாதம் ரயில் மறியல் வந்தது. விருத்தாசலம் சந்திப்பில் இருநூறு பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். கைது செய்து, சிறையில் இடம் இல்லை என்று கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். மூன்று நாள். அவளும் என் பக்கத்தில் இருந்தாள். எவ்வளவு பெருமை எனக்கு. பதாகையைக்கூட அவள் கையில்தான் கொடுத்து வைத்திருந்தேன். நானே தூரிகை பிடித்து எழுதிய பதாகை. எட்டு முழம் துணி. 'மூடப்பழக்கங்களை முறியடிப்போம்.'

இரண்டாம் நாள் காலையில் பார்க்கிறேன், பதாகை பாதிதான் இருக்கிறது. மீதியைக் கிழித்துவிட்டாள். எங்கே என்றால் பதில் இல்லை. எனக்குக் கோபம் வராதா? எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினேன். பதாகைக்கு மதிப்புத் தெரியாதவள் என் மகளாக இருக்க முடியாது என்றேன். சாயந்திரம் குப்பம்மாள் தோழர் வந்து காதோடு காதாகச் சொன்னார். பிள்ளை வயசுக்கு வந்துவிட்டது, அங்கே யாரிடமும் கேட்கப் பயந்துகொண்டு கையில் இருந்த துணியைக் கிழித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று.

வேறொரு அப்பன் என்ன செய்திருப்பான்? ஊரைக் கூட்டி, பந்தல் போட்டு, பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சீர்வரிசை தூக்கியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூம்பு ஒலிபெருக்கியை எடுத்தேன். மண்டபத்து மேடையில் ஏறினேன். மணமக்கள் உட்காருகிற அதே மேடை. "தோழர்களே, என் மகள் போர்முரசு இன்று பருவம் எய்திவிட்டார். அவருக்கு மஞ்சள் நீராட்டு கிடையாது, தீட்டு கிடையாது, மூலையில் உட்கார வைப்பது கிடையாது. இதை நாட்டுக்கே அறிவிக்கிறேன்" என்றேன்.

இருநூறு பேர் கைதட்டினார்கள். காவலுக்கு நின்ற ஏட்டும் தட்டினார். என் வாழ்க்கையில் நான் பேசிய பேச்சுகளிலேயே அதுதான் சுருக்கமானது, அதுதான் சிறந்தது. இன்றைக்கும் பழைய தோழர்கள் பார்த்தால் அதைத்தான் சொல்வார்கள்.

அவளா? சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கூச்சம். பெண் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்துக் கூச்சத்தையும் ஊட்டி வைத்திருக்கிறது இந்தச் சமூகம் என்று அதையும் சேர்த்து ஒரு கால்மணி நேரம் பேசினேன்.

அடுத்த இதழில் பெயரோடு செய்தி வந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்தேன், மற்றப் பிள்ளைகளுக்கும் துணிச்சல் வரட்டும் என்று. அப்புறம் அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து, சிதம்பரத்தில் விடுதியில் சேர்ந்து படித்தாள். அவள் அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதைப் பற்றியுமே மூன்று மாதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். தீட்டு இல்லை என்று சொன்னதற்கா? சொல்லுங்கள்.

ஆனாலும் கேட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினேன். மே மாதம், மாடி அறை, மீன் படம். ஒரு சொல்தானே. சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? இருந்தாலும் கையை வீசிக்கொண்டு போக முடியாதே என்று இருநூறு துண்டறிக்கை அடித்து எடுத்துக்கொண்டேன். 'பாறைக்கு வணக்கம் சொல்வோரே, பதில் வந்ததா?' என்று தலைப்பு. நான்கே பக்கம்.

பிறந்த ஊர் மண் கேட்டார்கள் இல்லையா? பிறந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. தேரை நிறுத்துவேன் என்று போய், கடைசியில் என்னை ஊருக்குள் வராமல் நிறுத்திவிட்டார்கள். நாற்பது வருஷம் ஆயிற்று. அதனால் விருத்தாசலம் பேருந்து நிலையத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், செடி வைக்கக் கட்டி அப்படியே விட்டுவிட்ட பாத்தி ஒன்று இருக்கிறது, அதில் ஒரு கைப்பிடி அள்ளினேன். டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் பை வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு பீடித்துண்டு இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன். அறிவியல்படி மண் எல்லாம் ஒன்றுதான்.

காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். வாசலில் பாறை நின்றார். வேட்டி, செருப்பில்லாத கால், தாடி. "வாங்க ஐயா, கால் கழுவிக்கோங்க" என்றார், நம்மை விட நல்ல தமிழில். அருவி அம்மாள் ஒரு வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். எனக்காக ஒரு நிமிஷம் விட்டுவிட்டு, வணக்கம் சொல்லி, மறுபடியும் பிடித்துக்கொண்டார். மரம் ஒன்றும் சொல்லவில்லை.

தும்பை ஓடி வந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தூக்கிய பிள்ளை. என் உயரத்துக்கு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, "தாத்தா, நீங்க பதினேழு தடவை ஜெயிலுக்குப் போனீங்களாமே, அங்க சாப்பாடு எப்படி இருக்கும்?" என்றாள்.

"உங்க இடத்துச் சாப்பாடு மாதிரிதான் இருக்கும். உப்பு இருக்காது" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். "மே மாசம் வந்தா எனக்கு ஒரு ரயிலை நிறுத்திக் காட்டுவீங்களா?"

"எந்த ரயில் வேணும்? எக்ஸ்பிரஸா, பாசஞ்சரா?"

"சும்மா சின்ன ரயில் போதும், தாத்தா. பாவம், ஊருக்குப் போறவங்க."

அப்படிப் பேசுகிற பிள்ளை. அறிவு. என் ரத்தம்.

அப்புறம்தான் அந்தக் கூத்து. பிள்ளையின் காலிலும் கையிலும் செம்மண்ணைக் குழைத்துப் பூசினார்கள். பச்சை ஓலையால் ஒரு சின்னக் குடிசை, அதற்குள் அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். மத்தியானம் வரைக்கும் யாரோடும் பேசாமல் இருக்க வேண்டுமாம். பச்சை ஓலைக் குடிசை, தம்பி. எதை ஒழிக்க நான் பதினேழு தடவை உள்ளே போனேனோ அதே குடிசை. நம் ஊரில் அதற்குப் பெயர் தீட்டு. இவர்கள் அதற்குப் 'பூமியின் மடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், போன மாதம் தன் மகனும் இதே மாதிரிக் குடிசையில்தான் உட்கார்ந்தான், உள்ளே தூங்கிவிட்டான் என்றார். மகன் உட்கார்ந்தால் குடிசை குடிசை இல்லையா? அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துண்டறிக்கை கொடுத்தேன். எழுபது பேர் இருப்பார்கள். ஒருவரும் கிழிக்கவில்லை, ஒருவரும் கசக்கவில்லை. எல்லாரும் இரண்டு கையாலும் வாங்கி, நன்றி என்றார்கள். ஒரு அம்மாள் நான்கு பக்கத்தையும் நின்று படித்துவிட்டு, "இந்த மை மண்ணுல மக்கிடுங்களா ஐயா?" என்று கேட்டார். இந்த மாதிரிக் கூட்டத்தை எப்படி எதிர்ப்பது, சொல்லுங்கள். எவ்வளவோ தடியடி பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அடி பட்டதில்லை.

மத்தியானம் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் ஒரு குழி. ஒவ்வொருவரும் கொண்டுவந்த மண் அவரவர் முன்னால் தேக்கிலையில். பிள்ளை குழியோரம் உட்கார்ந்திருந்தது. கல் சுற்றி வர ஆரம்பித்தது.

பாறை கல்லை வாங்கிக்கொண்டு, "தும்பை, நீ நீச்சல் கத்துக்குடுன்னு கேட்டப்ப கிணத்துல பாம்பு இருக்குன்னு சொன்னேன். பாம்பு இல்ல. எனக்குச் சோம்பல். மன்னிச்சிடு" என்றார். அருவி அம்மாள், பிள்ளை வைத்திருந்த தேன்மிட்டாயை எடுத்துத் தின்றுவிட்டு அணில் மேல் பழி போட்டதைச் சொன்னார். எழுபது பேர் கூடி உட்கார்ந்து கேட்கிற விஷயமா இது? இதற்கெல்லாம் எங்கள் இயக்கத்தில் ஒரு கண்டனத் தீர்மானம்கூடப் போட மாட்டோம்.

பிறகு என் மகள். கல்லை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "எனக்குக் கோவம் வந்தா பேசாம இருந்துடுவேன். உன்கிட்டகூட மூணு நாள் பேசாம இருந்திருக்கேன். நீ கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டே இருந்தே. எனக்கு எங்கேருந்து அந்தப் பழக்கம் வந்துச்சுன்னு தெரியும். ஆனா அதை உன்மேல காட்டினது என் தப்பு. மன்னிச்சிடும்மா" என்றாள். தும்பை தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அடுத்தது நான்.

கல் என் கைக்கு வந்தது. கோழிமுட்டை அளவு ஆற்றுக்கல். அத்தனை பேர் கையில் இருந்துவிட்டு வந்ததால் சூடாக இருந்தது. அந்தச் சொல் என் நாக்கில் இருந்தது, தம்பி. சத்தியமாக. நான் சத்தியம் செய்கிறவன் இல்லை, ஆனாலும் சொல்கிறேன், இருந்தது. என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபது பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு அமைதியான கூட்டம் எனக்கு என்றைக்காவது கிடைத்திருக்கிறதா? எப்போதும் ஒரு பக்கம் கல் வரும், இன்னொரு பக்கம் போலீஸ் வரும். இங்கே ஒன்றும் இல்லை. எனக்கே தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"அவையோர்களே" என்று ஆரம்பித்தேன்.

ஐம்பது நிமிஷம். கற்காலத்தில் தொடங்கி, எகிப்தைத் தொட்டு, நம் ஊர்ப் பச்சை ஓலைக் குடிசைக்கு வந்தேன். கல்யாண மண்டபத்து அறிவிப்பை அப்படியே, குரல் ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டினேன். அந்த வேகத்தில் அடுத்தது தானாக வந்துவிட்டது. "அன்று என் மகளுக்காக அறிவித்தேன். இதோ, போன மாதம் பருவம் எய்திய என் பேத்தி தும்பைக்காகவும் அதே அறிவிப்பை இந்த அவையில் செய்கிறேன். இந்தக் குடிசையைப் பிரித்துப் போடுங்கள்" என்றேன்.

வழக்கமாகக் கைதட்டல் வருகிற இடம் அது. நிறுத்திக் காத்திருந்தேன்.

ஒரு காகம் கத்தியது. பிள்ளையைப் பார்த்தேன். திரும்பிக்கொண்டிருந்தாள். அங்கே சுவர் கிடையாது, அதனால் குடிசைப் பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"எதிர்ப்பு இருந்தால் சொல்லலாம்" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டேன். கடைசியில் என் மகள், "கல்லைக் கீழ வைங்கப்பா, அது உங்க கையில இருக்கு" என்றாள்.

வைத்தேன். அப்போதும் யாரும் எதிர்க்கவில்லை. மருமகன் ஓடை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒன்று இருக்கிறது, அதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பிள்ளை எழுந்து ஒவ்வொருவரிடமாகப் போகும். யார் மண் வேண்டுமோ அந்த இலையை வாங்கிக் குழியில் கொட்டும். வேண்டாம் என்றால் திருப்பித் தரலாம். பாறை மண் உள்ளே போயிற்று. பெல்ஜியத்திலிருந்து வந்த மண், கறுப்பாகப் பொங்கல் பானை அடி மாதிரி இருந்தது. அருவி மண் போயிற்று. என் மகள் கொண்டுவந்த விருத்தாசலத்து மண்ணும் போயிற்று. அப்புறம் தும்பை என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் அழவில்லை.

"தாத்தா, இது நீங்க பிறந்த ஊர் மண்ணா?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "இல்ல. பஸ் ஸ்டாண்டு மண்ணு" என்றேன்.

வட்டத்தில் ஒரு சலசலப்பு. பிள்ளை மட்டும் லேசாகச் சிரித்தது. "பரவால்ல. எங்கேருந்து எடுத்தாலும் மண்ணுதானே" என்று சொல்லி, இலையைக் கையில்கூட எடுத்துவிட்டது. நான் மாடி அறையையே நினைத்துவிட்டேன், தம்பி. அப்புறம் கேட்டாள்.

"அம்மாவைப் பத்தி மைக்குல சொன்னீங்களே, அம்மாகிட்டக் கேட்டுட்டுச் சொன்னீங்களா?"

"கொள்கையைச் சொல்றதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல, கண்ணு."

"என்கிட்டயும் கேக்கல."

அவ்வளவுதான். இலையை இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடமே நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது? பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வாதாடவா? அதுவும் ஒரு கொள்கை நிலைப்பாடுதான் என்று ஏற்றுக்கொண்டேன். நிராகரிக்கிற உரிமையை நாம்தானே மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு வகையில் பார்த்தால் அது என் வெற்றி. சிரிக்காதீர்கள், யோசித்துப் பாருங்கள்.

மகள்தான் பேட்டரி ஸ்கூட்டரில் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அவள்தான் சொன்னாளே, அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பஸ் வருகிறபோது ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். "தயிர்சாதம். உப்புப் போட்டிருக்கேன்" என்றாள்.

"மே மாசம்?" என்று கேட்டேன்.

"அவகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்ப்பா."

பார்த்தீர்களா? பிள்ளையிடம் அனுமதி கேட்கிறார்களாம். இதுதான் இவர்கள் வளர்ப்பு.

அனந்தபுரம் தாண்டிவிட்டோமா? மழையும் விட்டுவிட்டது. என்ன, அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள்? கேட்டால் சொல்ல மாட்டேனா? இதோ, விரித்தே காட்டுகிறேன். இந்த ஓரத்தைப் பிடியுங்கள். பதமாக, நூல் இற்றுப்போய்விட்டது. 'முறியடிப்போம்.' பார்த்தீர்களா, என் எழுத்து. முப்பது வருஷமாகியும் சாயம் போகவில்லை. எதை முறியடிப்போம் என்பது அந்தப் பாதியில் போய்விட்டது. போர்முரசின் அம்மா பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தாள், எனக்குத் தெரியாமல். வெள்ளையடிக்கிறபோது கிடைத்தது.

குழியில் போடலாம் என்று எடுத்துப்போனேன். மண்ணோடு எதையும் போடலாம் என்று சொன்னார்கள், மக்கினால் சரியாம். இது பருத்தி. மக்கும். கல் கையில் இருந்தபோது பை என் காலடியில்தான் இருந்தது. குனிந்தால் எடுத்திருக்கலாம். நான்தான் எழுந்து நின்றுவிட்டேனே.

சரி, மடியுங்கள். அந்த மடிப்பு இல்லை, பழைய மடிப்பிலேயே.

உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா? ஒரே பெண்ணா? எத்தனை வயசு? பதினொன்று. நல்ல வயசு. அடுத்த வருஷம் விருத்தாசலத்தில் ஒரு மறியல் வைத்திருக்கிறோம், அழைத்து வாருங்கள். இப்போதெல்லாம் ஆள் குறைவு, ஒன்பது பேர்தான் வருகிறோம். முன்வரிசையிலேயே நிறுத்திவிடலாம். பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அவளிடம் கேட்க வேண்டுமா? நல்லது. இன்றைக்கு எல்லாரும் இதையே சொல்கிறீர்கள்.

விழுப்புரம் வந்துவிட்டது. காலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும், கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள், என்னால் குனிய முடியவில்லை. ஆமாம், அதுதான். மண். இங்கேயே கொட்டிவிடலாம்தான். வேண்டாம், எடுத்த இடத்திலேயே போட்டுவிடுகிறேன். பொதுச்சொத்து. யாரிடமும் கேட்காமல் எடுத்தது.